நாலு கேஜ் வயர்

ஜமால்: ஃப்யூஸ் போச்சுன்னா அதவிடப் பெரிய ஃப்யூஸ் போட்டாச் சரியாயிடும், இல்லம்மா?

லின்சி: யாருண்ணே இதச் சொன்னது?

ஜமால்: நானேதான். பாட்டுச் சத்தத்தக் கூட்டுற ஆம்ப் மாட்டுன அன்னிக்கு முப்பது ஆம்பியர் ஃப்யூஸ் போட்டேன், போச்சு. மறுபடி முப்பது, அதுவும் போச்சு. எம்பது போட்டேன்… அதுலேர்ந்து அசையவே இல்ல. எப்படி?

லின்சி: அய்யோ அண்ணே! வண்டியே எரிஞ்சிருக்கும்.

ஜமால்: பயமுறுத்தாத. நாள் பூரா ஜங்ஷனுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் சவாரி ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல. நேத்துலேர்ந்து லேசா ஒரு வாட வருது, அவ்வளவுதான். கார் ஆடியோன்னா எடமலைப்பட்டி புதூர்ல உங்க கடதான்னு சொன்னாங்க. அப்பா எங்க?

லின்சி: சமயபுரத்துல ஒரு வேன் வேலையாப் போயிருக்காங்க. நான் பாத்தாப் போதும். பின்சீட்டத் தூக்கணும், வீட்டுக்காரம்மாவ எறங்கச் சொல்லுங்க.

ஜமால்: இரு, நானே கையப் புடிச்சு எறக்குறேன். ஏழு மாசம்.

லின்சி: அக்கா, அந்தச் சேர்ல உக்காருங்க. டீ சொல்லவா? … அக்கா? … என்னண்ணே, திரும்பிக்கூடப் பாக்கல?

ஜமால்: ஜீனத் அப்படித்தான். நீ வயரப் பாரு.

லின்சி: வீட்ல சண்டையா? இந்த பேஸ் ஸ்பீக்கர் பெட்டி வாங்குனதுக்கா?

ஜமால்: அட, வேலையப் பாரும்மா…

லின்சி: பாத்துட்டேன். நீங்களும் வந்து பாருங்க. வயரோட சிவப்புத் தோலு உருகி கார்ப்பெட்ல ஒட்டியிருக்கு.

ஜமால்: இது… அவ உக்காந்திருந்த எடத்துக்கு நேர் கீழ.

லின்சி: ம்.

ஜமால்: யா அல்லாஹ்… செம்பு வயருன்னுதான் குடுத்தான்.

லின்சி: பிளேடால சுரண்டுறேன், பாருங்க. உள்ள என்ன நெறம்?

ஜமால்: வெள்ளையா இருக்கு!

லின்சி: அலுமினியம். மேல செம்புப் பூச்சு. உங்க ஆம்ப் ஐநூறு வாட், பேட்டரி பன்னெண்டு வோல்ட். வகுத்தா நாப்பத்திச் சொச்சம் ஆம்பியர். ஆம்ப் சூடாகி வீணாக்குறதையும் சேத்தா அம்பதத் தாண்டும். இந்த ஒல்லி வயர் முப்பதுக்கு மேல தாங்காது. அதான் முப்பது ஃப்யூஸ் போச்சு. நீங்க அது வாய அடச்சுட்டீங்க.

ஜமால்: ஃப்யூஸ் ஆம்பக் காப்பாத்தத்தானே?

லின்சி: வயரக் காப்பாத்தண்ணே. வயர் எவ்வளவு தாங்குமோ அதுக்குக் கீழதான் ஃப்யூஸ் இருக்கணும். நாலு கேஜ் வயர், நல்ல தடிமன், முழுச் செம்பு, போடுறேன். அறுபது ஃப்யூஸ். பேட்டரிலேர்ந்து ஒரு முழத்துக்குள்ள.

ஜமால்: முழமா? என்ன, மல்லிப்பூவா?

லின்சி: சிரிங்க, சிரிங்க. இந்த ஃப்யூஸக் கையில வச்சுப் பாருங்க. இத்துனூண்டு தகடு. எங்கயாவது வயர் ஒரசிச்சுன்னா கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள தான் உருகிடும். உங்க மூணு பேரையும் காப்பாத்திடும். படிப்ப விட்டுட்டு இங்க வந்து நின்னப்போ, நான் மொதல்ல வாயப் பொளந்தது இதப் பாத்துத்தான்.

ஜமால்: …மூணு பேரு.

லின்சி: ஆமா. பழசு பூரா உருவணும். நாளைக்கு வாங்க.

ஜமால்: நாளைக்கு ஆகாதும்மா! விடிஞ்சா அவள உப்பிலியபுரத்துல அவங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விடணும். பிரசவம் அங்கதான். அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது… இந்தச் சீட்டுல உக்காந்து…

லின்சி: பாட்டுதானே? போன்ல கேக்கட்டும்.

ஜமால்: போன்ல ஆகாது.

லின்சி: ஏன்?

ஜமால்: சத்தம் முக்கியம் இல்லம்மா. அந்த அடி… சீட்டுல தெரியணும்.

லின்சி: வாயும் வயிறுமா இருக்கவங்களுக்கு எதுக்குண்ணே குத்துப்பாட்டு?

ஜமால்: கெஞ்சிக் கேக்குறேன். இன்னிக்கு முடிச்சுக் குடு.

லின்சி: …சரி. அந்த ஸ்பேனர எடுங்க. சும்மா நிக்காம இந்த முனையப் புடிங்க.

ஜமால்: வெயில் எறங்கிடுச்சு… முடிஞ்சுதாம்மா?

லின்சி: முடிஞ்சுது. நீங்க முன்னால உக்காருங்க. அக்கா பின்னால நல்லாச் சாஞ்சுக்கட்டும். நானும் பக்கத்துல உக்காந்து வயரத் தொட்டுக்கிட்டு இருக்கேன். சூடாகக் கூடாது. கம்மியா வச்சுத்தான் போடணும், சொல்லிட்டேன்.

ஜமால்: கம்மியாத்தான்… பிஸ்மில்லாஹ்.

லின்சி: ம், வயரத் தொட்டுட்டேன்.

ஜமால்: வருதா பின்னால?

லின்சி: வருது. என்னண்ணே இது… டக்டக் டக்டக்னு… குதிர ஓடுற மாதிரி? சீட்டே உசிரு வந்த மாதிரி இருக்கு. பாட்டு எப்ப வரும்?

ஜமால்: இவ்வளவுதான். வயரு?

லின்சி: ஜில்லுனு இருக்கு. ஆனா அக்கா… அக்கா ஏன் கன்னத்தச் சீட்டுல வச்சு அழுத்துறாங்க? அண்ணே, அவங்க அழுவுறாங்க! சிரிக்கவும் செய்றாங்க… நிறுத்துங்கண்ணே!

ஜமால்: வேணாம்மா… ஓடட்டும். ஸ்கேன் பாக்கயில எங்க புள்ளையோட நெஞ்சுத் துடிப்ப டாக்டரம்மா சத்தமாப் போட்டுக் காட்டுனாங்க. அத போன்ல புடிச்சு வச்சேன். நானும் எங்கம்மாவும் கேட்டுக் கேட்டு அழுதோம். இவ மட்டும் எங்க மூஞ்சிய மாறி மாறிப் பாத்துக்கிட்டே படுத்திருந்தா. பொறந்ததுலேர்ந்து ஜீனத்துக்குக் காது கேக்காதும்மா. … ஏம்மா லின்சி? கதவத் தொறந்துக்கிட்டு எங்க போற? … எங்க மூணு பேரையும் தனியா விட்டுட்டுப் போறியா? நீயும் இரும்மா…