நாற்பத்தேழாம் பக்கம்

எனக்குப் பென்சில் சீவப் பிடிக்கும். முப்பது வருட உத்தியோகத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்று என் மனைவி சொல்வாள். மறுக்க முடியவில்லை.

ஒழுங்குமுறை ஆணையத்தில் அனுமதிப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தேன். கோப்புகளுக்குப் பக்க எண்ணை அங்கே பென்சிலில்தான் போடுவோம். அனுமதி முடிவானதும் அதன்மேல் மை. அந்த மையைப் போடும் அதிகாரம் எனக்கு மட்டும். எவ்வளவு பெரிய மனிதன், பாருங்கள்.

அரசுக் கடன் பத்திர வியாபாரத்துக்கான தீர்வகம் ஒன்று அனுமதி கேட்டு வந்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று, ஒருவர் கைவிரித்தால் மற்றவருக்கு நான் பொறுப்பு என்று சொல்லும் நிறுவனம். நல்ல ஏற்பாடுதான். வெள்ளிக்கிழமை அதன் தொடக்க விழா, மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி. புதுச் சட்டைகூடத் தைத்துவிட்டேன்.

புதன்கிழமை, என் பிரிவின் ஆய்வாளர், நான்கு வருடமாக என்னிடம் வேலை பார்த்த பெண், ஒரு பக்கக் குறிப்போடு வந்தாள்.

“சார், இந்தத் தீர்வகத்துல இருக்கற பெரிய பேங்க் விழுந்தா அவசரத்துக்குப் பணம் தர்றதா இன்னொரு பேங்க் கையெழுத்துப் போட்டிருக்கு. பேருதான் வேற, ரெண்டுக்கும் முதலாளி ஒருத்தர்தான். விழறவரும் தாங்கிப் பிடிக்கிறவரும் ஒரே ஆள் சார்.”

“ஃபைல்ல வச்சிட்டுப் போம்மா, பார்க்கறேன்.”

அந்த ஒப்பந்தத்துக்கு அடுத்து வைத்து, பின்னால் உள்ள எண்களைத் திருத்தினாள். நாற்பத்தேழாம் பக்கம்.

பார்த்தேன். அவள் சொன்னது சரி. அதுதான் தொந்தரவு. விழா மூன்று மாதம் தள்ளிப்போகும். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன். நாற்காலி வேறு யாருக்கோ. தாளை உருவிச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். நாற்பத்தெட்டு முதல் நூற்றுப் பன்னிரண்டு வரை எல்லா எண்ணையும் அழித்து, ஒன்று குறைத்து எழுதினேன். மறுநாள் மை போட்டேன். சட்டையும் கச்சிதமாக இருந்தது.

அடுத்த வருடம் அந்த வங்கி விழுந்தது. தாங்க ஆளில்லை. ஓய்வூதிய நிதியங்கள் பத்திரங்களை விற்க முடியாமல் தவிக்க, பல வீடுகளுக்கு அந்த மாதம் ஓய்வூதியம் வரவில்லை. ஏன் எச்சரிக்கவில்லை என்று விசாரணைக் குழு அவளைக் கேட்டது. எழுதி வைத்தேன் என்றாள். கோப்பு விஷயம் அறிந்தவன் என்று என்னை அழைத்தார்கள். பக்க எண்கள் ஒன்றுகூட விடுபடவில்லை என்றேன். அதில் பொய் இல்லையே. அவளுக்கு வேலை போயிற்று.

பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். “நான் நிஜமாவே எழுதினேனா சார்? எனக்கே சந்தேகமா இருக்கு.”

“நான் எதையும் பார்க்கலையேம்மா. நல்லாத் தூங்கு, எல்லாம் சரியாயிடும்,” என்றேன். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

போன வாரம் அவள் கணவர் ஒரு நோட்டுடன் வந்தார். “தினமும் அந்தக் குறிப்பையே எழுதிப் பாக்கறா சார். ஏதோ ஒரு வார்த்தை விட்டுப்போகுதுங்கறா.”

வாங்கிப் படித்தேன். மூன்றாவது வரியில், அசலில் இருந்த ‘மறைமுகமாக’ என்ற சொல் இல்லை. கை சும்மா இருக்குமா? பென்சிலால் அதைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு நேரே விசாரணை அதிகாரியான உங்களிடம் வந்துவிட்டார். முப்பது வருடப் பழக்கம் இப்படிக் காலை வாரிவிட்டதே என்று வெட்கமாக இருக்கிறது.

ஆமாம், நான்தான் எடுத்தேன். இதோ தாள், ஒரு மடிப்புக்கூட இல்லை. கோப்பில் திரும்பச் சேர்ப்பீர்கள்தானே? அப்படியானால் பின்னால் உள்ள எண்களையெல்லாம் மாற்ற வேண்டும். கொண்டுவரச் சொல்லுங்கள், நானே செய்து தருகிறேன். இந்த மாதிரி வேலையை வேறு யாரை நம்பிக் கொடுப்பது?