வெள்ளிச் சுரங்கத்துக்கு ஒரு சவாரி

— படங்களைப் பிறகு பாப்பம். முதல்ல சொல்லு தம்பி, பெட்டையைப் பிடிச்சிருக்கோ இல்லையோ?

— சொல்லுறன் அக்கா. இப்பதானே பிளேனால இறங்கி வந்து குளிச்சனான். இதைப் பாருங்கோ, இதுதான் அந்த ஊர். சுத்திவர ஒரு பச்சை இல்லை.

— சிவானந்தன், நான் உன்னை அரிசோனாவுக்கு அனுப்பினது பாலைவனம் பாக்க இல்லை, பொம்பிளை பாக்க. ஆறு மணிக்குச் சதாசிவம் அண்ணை போன் எடுப்பார், தன்ரை மகளுக்கு என்ன மறுமொழி எண்டு கேக்க. நான் என்னத்தைச் சொல்ல?

— இப்ப நாலு மணிதானே.

— கேட்டியோ, இது எட்டாவது பொம்பிளை. ஒண்டுக்குச் சாதகம் சரியில்லை எண்டாய். ஒண்டு உயரம் கூட. கடைசியா இங்கை லண்டனில, கோலியர்ஸ் வுட்டில பாத்த பிள்ளைக்குச் சிரிப்புச் சத்தம் கூட எண்டாய்.

— உண்மையா அக்கா, ட்ரெயின் பிரேக் பிடிக்கிற சத்தம்.

— வடுவா. டிக்கெட் பாக்கிறவனுக்கு உலகத்தில ட்ரெயினைத் தவிர வேற என்ன தெரியும்? சரி, தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு சொல்லு.

— ஞாயிற்றுக்கிழமை விடிய வெளிக்கிட்டனாங்கள். மோட்டச்சைக்கிள்ளை.

— என்னது?

— மோட்டச்சைக்கிள் அக்கா. பெரிய ஹொண்டா, சிவப்பு.

— நீயோ? எண்பத்துநாலில கோண்டாவில் சந்தியில விழுந்த நாளிலயிருந்து, உந்தச் சத்தம் கேட்டாலே றோட்டின்ரை மற்றப் பக்கம் மாறுற ஆள். நீயோ ஏறினனி?

— பின்னாலதான் இருந்தனான்.

— ஆர் ஓட்டினது? சதாசிவம் அண்ணையின்ரை மகன் குருமூர்த்தியோ?

— ம்... தேத்தண்ணிக்குச் சீனி காணாது அக்கா.

— ரெண்டு கரண்டி போட்டிருக்கிறன். நீ கதையைச் சொல்லு.

— எண்பது மைல். றோட்டு நேரா ஒரே கோடாப் போகுது. அந்தத் தொங்கலில ஒரு மலை, மலையடியில அந்த ஊர். நூறு வருசத்துக்கு முந்தி வெள்ளி எடுத்த இடமாம். மூவாயிரம் சனம் இருந்ததாம். வெள்ளி விலை விழுந்தவுடனை ரெண்டு வருசத்தில எல்லாரும் எழும்பிப் போட்டினம். கதிரை கிடந்தபடி கிடக்கு, பள்ளிக்கூடத்தில கரும்பலகையும் கிடக்கு. சலூன்காரன்ரை கண்ணாடியில நான் என்ரை தலைமயிரைச் சீப்பால இழுத்தனான்.

— பெரிய வேலைதான். சுரங்கத்துக்குள்ள இறங்கினனியளோ?

— ஓம். தொப்பி தந்து, லைட் தந்து, உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போனவை. வெளியில நெருப்பு, உள்ளுக்கை நல்ல குளிர்.

— நாள் முழுக்க லண்டனில நிலத்துக்குக் கீழ ட்ரெயின் ஸ்டேசனில நிக்கிறவன், லீவு போட்டு அவ்வளவு தூரம் போயும் நிலத்துக்குக் கீழதானோ?

— உண்மையா அக்கா, எனக்கும் அங்கை நிண்டு சிரிப்பு வந்தது. அதைவிடச் சிரிப்பு சாப்பாடுதான். பொம்பிளையின்ரை தாய் எங்களுக்கு ஆட்டிறைச்சி பொரிச்சு, புட்டோட கட்டித் தந்தவ. மலேசியாவில பிறந்து வளந்து அமெரிக்காவில இருந்தாலும் பழக்கம் விடேல்லை. பொரிச்ச இறைச்சி வழியில போகுது, பேய் பிசாசு அண்டக்கூடாது எண்டு பார்சலுக்குள்ள ஒரு கரித்துண்டு வைச்சிருக்கிறா.

— நல்ல பழக்கம்தானே. எங்கடை அம்மாவும் வைக்கிறவ.

— அம்மா வைச்சது அடுப்புக் கரி. இவ வைச்சது பார்பிக்யூ கரி. கெதியாப் பத்தட்டும் எண்டு எண்ணெய் ஊத்தி ஊற வைச்ச சாமான். பார்சலைத் திறந்தால் புட்டெல்லாம் பெற்றோல் மணம்.

— ஐயோ, பேய் மட்டுமில்லை, மனுசரும் கிட்டப் போகேலாது.

— சுத்திவர ஒரு கடை இல்லை. பியற்றிஸ் எண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவிதான் அந்த ஊர் மியூசியத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பு வைச்சிருக்கிறா. எங்கடை முகத்தைப் பாத்துப்போட்டு, தன்ரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் பாணும் அவரைக்கொட்டை சூப்பும் தந்தா. நல்ல மனுசி. நீங்கள் ரெண்டு பேரும் புதுசாக் கலியாணம் கட்டின ஆக்களோ எண்டும் கேட்டா.

— ஆரை? உன்னையும் குருமூர்த்தியையுமோ?

— இந்தப் படத்தைப் பாருங்கோ அக்கா, இதுதான் பள்ளிக்கூடம்.

— படம் கிடக்கட்டும் தம்பி. ஆரைக் கேட்டவ?

— குருமூர்த்திக்கு அண்டைக்கு ஷிப்ட் அக்கா.

— அப்ப மோட்டச்சைக்கிள் ஓட்டினது?

— பவளக்கொடி.

— கலியாணம் பேசி முடியேல்லை. அதுக்குள்ள பொம்பிளை முன்னுக்கு, மாப்பிளை பின்னுக்கு. சதாசிவம் அண்ணை பாத்துக்கொண்டோ நிண்டவர்?

— அவர்தான் எனக்கு ஹெல்மெட் கொளுவி விட்டவர்.

— நல்ல குடும்பம். எதைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனி?

— சீற்றுக்குப் பின்னால ஒரு கம்பி இருக்கு. அதைத்தான் பிடிச்சனான்.

— எண்பது மைலுக்குமோ?

— முதல் பத்து மைல். பிறகு வெயிலுக்குக் கம்பி சுட்டுது.

— சுடும், சுடும். ஏன் இவ்வளவு நேரமும் ஒளிச்சனி?

— நீங்கள் ஏசுவியள் எண்டுதான். அக்கா, வேற ஒண்டும் இருக்கு. வரேக்கை நான் ஓட்டினனான்.

— என்ன சொல்லுறாய்?

— பாதி வழியில அவ நிப்பாட்டினா. இறங்கினா. கை வலிக்குது, நீங்க ஓட்டுங்க எண்டா. எனக்கு ஏலாது எண்டன். ஏன் எண்டு கேட்டா. அந்த வெயிலுக்கை நிண்டு எல்லாத்தையும் சொன்னன். ஆடு குறுக்கால வந்தது, நான் ஹாண்டிலை வெட்டினது, நீங்கள் பின்னாலயிருந்து விழுந்தது, உங்கடை முழங்கால். அந்தக் காலைச் சாட்டித்தான் உங்களுக்குப் பேசின மாப்பிளை வீட்டார் வேண்டாம் எண்டு போனவை எண்டதையும். உங்கடை கலியாணத்தைக் குழப்பினவன் நான், நானெப்படி ஒரு கலியாணம் கட்டிக்கொண்டு உங்களுக்கு முன்னால திரியிறது எண்டு கேட்டன்.

— இதுதானோ முந்தின ஏழு பொம்பிளையளுக்கும் நீ சொன்ன சாதகம்?

— ஓம் அக்கா.

— விசரா. அந்த மாப்பிளையை நீ வடிவாப் பாத்தனியோ? வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் இருந்த மனுசன். அதில முக்கால் மணித்தியாலம் தன்ரை பைல்ஸ் வருத்தத்தைப் பற்றித்தான் கதைச்சவர். ஆஸ்பத்திரியில படுத்திருக்கேக்கை அவை வேண்டாம் எண்ட சேதி வந்தது. தப்பினன் எண்டு, நான் செல்வச்சந்நிதிக் கோயிலுக்குக் கற்பூரம் கொளுத்துறன் எண்டு நேந்தனான்.

— பகிடி விடாதைங்கோ.

— பகிடி இல்லையடா. கால் கொஞ்சம் நொண்டுது, ஓம். குளிருக்கு உளையுது. ஆனா எனக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு, வெள்ளிக்கிழமையில கோயில் இருக்கு. நான் சந்தோசமாத்தான் இருக்கிறன். என்னைச் சாட்டி நீதான் மூஞ்சையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிஞ்சனி. உன்னைப் பாக்கத்தான் எனக்குக் கவலை. அவள் என்ன சொன்னவள்?

— மோட்டச்சைக்கிள் திறப்பை என்ரை கையில வைச்சுப்போட்டுப் பின்னால ஏறி இருந்திட்டா.

— நீ?

— ஸ்டார்ட் பண்ணினன். பத்து மைல் வேகத்தில போனன். பிறகு இருபது. பிறகு எவ்வளவு எண்டு பாக்கேல்லை. உண்மையா அக்கா, ஒரு இடத்தில நான் பாட்டும் பாடினனான்.

— நீ பாடியும் அவள் குதிக்கேல்லை எண்டால் நல்ல பிள்ளைதான். லண்டனுக்கு வரச் சம்மதமோ?

— சம்மதமாம். இந்த வீட்டிலயே, உங்களோட இருக்கலாம் எண்டா. எனக்கும் சம்மதம். ஆறு மணிக்கு அவையிட்டை ஓம் எண்டு சொல்லுங்கோ.

— இன்னொருக்காச் சொல்லு.

— ஓம், ஓம், ஓம். காணுமோ? அண்டைக்கு அவவின்ரை கை நோகாட்டி நான் இந்தச் சென்மத்தில ஹாண்டிலைத் தொட்டிருக்க மாட்டன் அக்கா. அந்தக் கை நோவுக்குத்தான் நான் கோயில் கட்ட வேணும்.

— அப்ப கோயிலை எனக்குக் கட்டு. இவ்வளவு நேரமும் ஒண்டும் தெரியாத மாதிரித்தான் கேட்டனான். திரும்பி வரேக்கை கை வலிக்குது எண்டு சொல்லி இறங்கி நில்லு பிள்ளை எண்டு, போன கிழமை போனில அவளுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான்.