சூட்டுப் பெட்டிக்குள் எரிந்த விளக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் தலைமைச் செவிலியர் அம்மா அவர்களே, ஆய்வகத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் சாரின் துணைவியார், எங்கள் அண்ணி அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் இல்லை. சில நாட்களாகச் சரியான தூக்கமும் இல்லை. இருபத்தோரு ஆண்டுகள் மறைந்த நம் சாருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தவன் என்ற ஒரே தகுதியில் நிற்கிறேன்.

முதுநிலை ஆராய்ச்சியாளர், நுண்ணுயிரியல் துறைத் தலைவர் என்று பதாகையில் அவருக்குப் பட்டங்கள் போட்டிருக்கிறீர்கள். நமக்கு அவர் யார்? தட்டு சார்! பாக்டீரியா வளர்க்கிற கண்ணாடித் தட்டைத் தவிர வேறு எதையும் நம்பாத மனிதர். யார் எவ்வளவு அழகாக விளக்கினாலும், கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார்: "தட்டு என்ன சொல்லுது?" மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட வாய் தவறி அதைக் கேட்டுவிட்டதாக அண்ணி சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இங்கே எல்லோரும் ஆய்வகத்துக்காரர்கள் இல்லை. அதனால் அவர் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். உலோக ஆக்சைடுகளை மிக மிக நுண்ணிய துகள்களாக்கினால் அவை பாக்டீரியாவைக் கொல்லும். துத்தநாகத் துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பாக்டீரியாவுக்குள் புகுந்து அதன் வேலையை முடக்கும். எங்கள் துகள் டைட்டானியம். அது கரையாது. பாக்டீரியாவின் மேலுறையில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். வெளிச்சம் பட்டால் போதும், பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை வெறிபிடித்த ஆக்சிஜனாக மாற்றிவிடும். அது உறையை அரித்து ஓட்டை போடும். உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து பாக்டீரியா செத்துப்போகும். சாதாரண விளக்கொளிக்கே வேலை செய்யும்படி எங்கள் துகளை அவர் பக்குவப்படுத்தி, அதைக் காயத்துணியில் பூசினார்.

ஆனால் கட்டுப் போட்ட காயத்துக்குள் வெளிச்சம் ஏது? எங்கள் துணி இருட்டிலும் கொன்றது! ஏன் என்று புரியவில்லை. மகிழ்ச்சியில் நாங்கள் யாரும் நோண்டவில்லை. அந்த முடிவை நம்பித்தான் மருத்துவமனை சரி என்றது. அவர் மட்டும் நோண்டிக்கொண்டே இருந்தார்.

போன மாதம் ஒரு நாள், தன் கைபேசியில் படப்பதிவை ஓடவிட்டு, பாக்டீரியா வளர இதமான சூட்டில் தட்டுகளை வைத்திருக்கும் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். பத்து நிமிடம் கழித்து எடுத்துக் காட்டினார். கதவைச் சாத்தினால் அணைய வேண்டிய உள்விளக்கு அணையவே இல்லை. சுவிட்ச் சிக்கியிருக்கிறது. எத்தனை நாளாக? தெரியாது. நாங்கள் 'இருட்டு' என்று எழுதிய தட்டுகளெல்லாம் வெளிச்சத்தில் குளித்துக்கொண்டிருந்தன. திறந்தால் விளக்கு எரியும், சாத்தினால் யார் பார்ப்பது? அந்தக் கதவை அதிகம் சாத்தியவன் நான்தான். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மற்றவர்களிடம் சொல்லும் முன் தட்டைக் கேட்போம் என்றார். பல்பைக் கழற்றினார். எங்கள் துணியின் துண்டுகளோடு புதிதாகப் பன்னிரண்டு தட்டுகளை உள்ளே வைத்தார். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டும்போதே சரிந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு அந்தத் தட்டுகளை நான்தான் எடுத்துப் பார்த்தேன்.

தலைவர் அவர்களே, சற்று முன் நீங்கள் அறிவித்தீர்கள், அடுத்த மாதம் அந்தக் காயத்துணி தட்டு சாரின் பெயரிலேயே மருத்துவமனைக்குப் போகும் என்று. உங்கள் அன்பு புரிகிறது. சபை கைதட்டியது. என் கை மட்டும் எழவில்லை.

இந்த அறிவிப்பு வரப்போவது முன்பே தெரிந்ததால், இன்று காலை அண்ணியிடம் போனேன். சாரின் பெயரில் வரப்போகும் ஒரே பொருள் அது. சொல்லட்டுமா, விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அண்ணி அழுது ஓய்ந்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"என்னை ஏன் கேக்கறீங்க? தட்டு என்ன சொல்லுது?"

ஆகவே சொல்கிறேன். அந்தத் துணியை நிறுத்திவையுங்கள். செவிலியர் அம்மா, உங்கள் நோயாளிகளுக்கு அதைக் கட்டாதீர்கள். இப்படிச் சொல்வதால் அந்த முடிவை வைத்து நாங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை போகும், என் பெயரும் போகும். போகட்டும்.

உறுதிமொழி எடுப்பது இந்தக் கூட்டங்களின் வழக்கம். பெரிதாக எடுக்க எனக்குத் தெம்பில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் திறந்து, முதலிலிருந்து தொடங்குகிறேன். வர விரும்புகிறவர்கள் வாருங்கள். இருட்டில் கொல்லும் துணி கிடைத்தால் அப்போது அவர் பெயரை வைப்போம். கிடைக்கவில்லையென்றால், கிடைக்கவில்லை என்றே எழுதுவோம்.

இதோ, அவர் கழற்றிய பல்பு. அவர் படத்துக்கு முன்னால் வைக்கிறேன்.

சார், நீங்கள் கேட்காமல் போன கேள்விக்குப் பதில் இது. பாக்டீரியா வளர்ந்திருக்கிறது சார். பன்னிரண்டு தட்டிலும்.