ராத்திரிக்கு வீடு திரும்பும் தூரம்

"எந்த ஊர்ல தங்குனா தெனமும் ராத்திரி நம்ம வூட்டுக்கு வந்துட முடியும்?"

விருத்தாசலம் ஜங்ஷனில் டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் தன் கணவரிடம் இப்படிக் கேட்டாள். எழுபதுகளில் ஒரு ஜூலை மாதம் அது. பள்ளித் தேர்வு முடிவுகள் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கணவரின் சட்டைக் கையில் பீங்கான் மண் வெள்ளையாக அப்பியிருந்தது.

"அதுக்குப் பேரு தங்குறதா? அரியலூர்ல லாட்ஜு இருக்குது. காலையில பஸ்ஸ புடிச்சா கங்கைகொண்ட சோழபுரம். கோயிலு, இடிஞ்ச அரண்மன எல்லாம் பாக்கலாம். உன்ன நாலு நாளு வெளியூரு கூட்டிட்டுப் போவச் சொல்லி டாக்டரு சொன்னாருல்ல?"

"வூட்டப் பூட்டணுமே."

"ராஜா வூடே இடிஞ்சி கெடக்குது. நம்ம வூட்ட நாலு நாளு பூட்டுனா என்னா?"

"புள்ள வந்துட்டா?"

"சாவிய பக்கத்து வூட்டுல குடுத்துட்டுப் போவலாம்."

"எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயிலாயி, வெக்கப்பட்டு சொல்லாம வூட்ட வுட்டுப் போன புள்ள அவன். பக்கத்து வூட்டுல போயி சாவி கேப்பானா? பூட்டப் பாத்ததுமே திரும்பிடுவான்."

அவர்களுடைய முறை வந்தது.

"எந்த ஊருங்க?" என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர்.

"மெட்ராஸ் வண்டி வர நேரந்தானே? ரெண்டு பிளாட்பாரம் டிக்கெட்டு குடுங்க" என்றார் கணவர்.

அதே தேர்வில் தவறிய என் மகனோடு நான் ஒரு மாதமாகப் பேசவில்லை. வரிசையை விட்டு விலகி, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன்.