மல்லிகாவுக்குப் படர்தாமரை

...படர்தாமரைதாம்மா! சத்தியமா படர்தாமரை. காலையிலேர்ந்து தொண்ட கிழியக் கத்துறேன், எங்க வீட்டுக்காரரு காதுல வாங்குனாத்தானே! "படர்தாமரை இப்பிடி வரிசையா வராது பிரகதி"ங்கிறாரு. ஏன், வந்தா என்ன? ரேசன் கடைக்குத்தான் வரிசையா, படர்தாமரைக்கு வரிசை தெரியாதா? ...ஏய், ஏய், ஓன் ஆட்டப் புடி தங்கச்சி! என் முந்தானையத் திங்குது!

கல்யாண வீட்டு எச்சி எலைச் சோத்தத் தின்னுதான் இப்பிடி வயிறு ஊதி வந்துருக்குன்ன, இன்னும் அடங்கலயா அதுக்கு? இங்கிட்டு இழுத்து வேப்பமரத்துல கட்டு. மல்லிகாவுக்குப் பின்னாடி மட்டும் போகாத, ஒதைப்பா. ...ஐய, பயப்படாத. நல்ல புள்ளதான். எத்தனை மாப்பிள்ளையச் சொமந்தவ! காதுகுத்துக்குப் புள்ளைங்கள ஏத்துனா தொட்டில ஆட்டுற மாரியே கொண்டு போவா. திருக்கோகர்ணத்துல யார வேணாலும் கேளு, முத்துராஜ் வீட்டுக் குதிரைன்னா அப்பிடி ஒரு பேரு. அந்த முத்துராஜ்தான் எங்க வீட்டுக்காரரு. என்னமோ இப்பக் கொஞ்ச நாளா சேணத்தக் கண்டாலே பின்னங்காலத் தூக்குறா. முதுகுல பாத்தா இந்தக் கண்றாவி.

இந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா எப்ப வருவாகளாம்? ...எங்கயோ மாடு கன்னு போடுதா? சரியாப்போச்சு. கன்னு போடுற நேரத்தப் பாரேன்! இன்னைக்கு சாயங்காலம் ஆலங்குடியில மாப்பிள்ளை அழைப்பும்மா. வெள்ளக் குதிரை இல்லாம மண்டபத்துக்குள்ள காலே வைக்கமாட்டேன்னு நிக்கிறாராம் மாப்பிள்ளை. டாக்டரம்மா வந்து ஒரு களிம்பத் தடவி, சேணம் போடலாம்னு ஒத்த வார்த்தை சொன்னாப் போதும். போடாதன்னுட்டா... ஐயோ, நாக்கக் கடிச்சுக்கிறேன். பெரிய எடத்துக் கல்யாணம். மேல பறந்து பறந்து படம் புடிக்கிறது, அது வருதாம். அதுல என் மெத்தை விழணும். அம்புட்டுத்தான் என் ஆசை.

என்ன மெத்தையா? ஒனக்கு ஒண்ணுமே தெரியல. குதிரை மேல சேணத்த வெறுமனே தூக்கி வச்சிர முடியாதும்மா. அடியில ஒரு மெத்தை போடணும், முதுகு நோகாம இருக்க. அவரு ஒண்ணு வச்சிருந்தாரு. ரெண்டு கம்பளிய ஒண்ணாப் போட்டுத் தச்சது, கல்லுல ஒட்டிக் கருகுன தோசை இருக்குல்ல, அந்தக் கலரு. அதப் போட்டு, சேணத்தக் கட்டி, அடியில உள்ளங்கைய நொழைச்சு நொழைச்சுப் பாப்பாரு. "கை போகணும், காத்துப் போகணும், வேர்வையக் குடிக்கணும்"பாரு. எனக்கு ஒரு செருப்பு வாங்கக் கூட்டிட்டுப் போனா கால் கடிக்குதான்னு கேக்கமாட்டாரு. அவளுக்கு ஒண்ணுன்னா உள்ளங்கை நொழையும்.

கேளு, கீரனூருல ஒரு ஊர்வலம். போட்டோக்காரப் பய ஓடியாந்து, "அண்ணே, அந்த மிதியடிய மட்டும் ஒரு துண்டப் போட்டு மூடுங்கண்ணே"ங்கிறான். மிதியடியாம்! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு சிரிச்சிட்டு நிக்கிறாரு. அதே கல்யாணத்துக்குத் திருச்சிப் பக்கமிருந்து இன்னொரு குதிரை வந்துருந்துச்சு. எலும்பும் தோலுமா ஒரு கெழட்டுக் குதிரை. ஆனா மேல பாத்தா... வெல்வெட்டு! சரிகை! குஞ்சம்! பொம்பளப் புள்ளைக எல்லாம் அதுகூட நின்னுதான் செல்பி எடுக்குதுக. எங்க மல்லிகா ஒத்தையில நின்னு கொள்ளு மெல்லுறா. வயிறு எரிஞ்சு போச்சு தங்கச்சி.

அன்னைக்கு முடிவு பண்ணேன். நான் என்ன சும்மா கெடக்குறவளா? கீழ ராஜ வீதியில மாடியில ஏறி எறங்கி ஆரி வொர்க்கு படிச்சவ. கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டுல மணி கோத்து, ஜமிக்கி கோத்து, முதுகுல பல்லக்கே தூக்கி வைப்பேன். ஒரு குதிரை மெத்தை எனக்கு எம்மாத்திரம்? நல்ல மஜந்தாக் கலர் வெல்வெட்ட எடுத்து, சட்டத்துல இழுத்துக் கட்டி, உக்காந்தேன் பாரு... சோறு ஆக்கல, தண்ணி புடிக்கல. அவரு பாவம், பழைய சோத்துல தயிரு வாங்கி ஊத்திக்கிட்டு மல்லிகாகிட்டப் போயி உக்காந்துட்டாரு. ரெண்டு பக்கமும் மயிலு தோகை விரிச்சு நிக்குது. கண்ணுக்குக் கண்ணாடிச் சில்லு. தூரத்துலேர்ந்து பாத்தா மயிலு ஒன்னையப் பாத்துக் கண்ணடிக்கும்!

...நீ எந்தூருன்ன? சித்தன்னவாசலா? அட! பள்ளிக்கூடத்துல கூட்டிட்டு வந்தாக. பாறைக்குள்ள தாமரைக் குளம் வரைஞ்சிருப்பாகளே, பூப் பறிக்கிற ஆளு, மீனு, யானை... எம்புட்டுக் காலத்துப் படம்! எல்லாரும் வாயப் பொளந்து பாத்தோம். நான் வாத்தியாருகிட்டக் கேட்டேன், "சார், வரைஞ்சவரு பேரு என்ன?" தெரியலன்னுட்டாரு. பாத்தியா? அம்புட்டு வேலையும் செஞ்சுபுட்டு ஒரு மூலையில பேரப் போட்டானா அந்த மனுசன்? நான் அந்தத் தப்பப் பண்ணல. மயிலுக்குக் கீழ, பெரிசா, மணி மணியா, "பிரகதி ஆரி ஒர்க்ஸ்". அதுக்கும் கீழ போன் நம்பரு. கல்யாண ஆல்பத்துல வருமா வராதா? பாக்குறவுக கூப்பிடுவாகளா மாட்டாகளா?

ஒரு பய கூப்பிடல. அதப் போட்டுக்கிட்டு மல்லிகா மூணு முகூர்த்தம் போயிட்டு வந்துட்டா. போனு பக்கத்துலயே வச்சிருக்கேன், லோன் வேணுமான்னு கேக்குறவன் மட்டும் கூப்பிடுறான்.

...என்னம்மா, அவ முதுகையே பாத்துக்கிட்டு வாய்க்குள்ள என்னமோ முணுமுணுங்கிற? மந்திரிக்கிறியா? நல்லா மந்திரி, பரவால்ல. கிட்டத்துல போயிப் பாரு, முடி எப்பிடிக் கொட்டிருக்குன்னு. மொதல்ல ஒரு வட்டம், அதுக்குக் கீழ ஒரு வாலு. அப்புறம் மேல ஒரு வட்டம் கீழ ஒரு வட்டம். அப்புறம் ஒண்ணு, சேவல் கழுத்து மாரி மடிஞ்சு, நடுவுல ஒரு குறுக்குக் கோடு வேற! எந்த ஊருப் படர்தாமரையோ, கோடெல்லாம் போட்டு வருது! எதுத்த வீட்டு எருமைகிட்டேர்ந்துதான் ஒட்டியிருக்கும். அந்தச் செல்லமுத்து எருமையக் குளிப்பாட்டுனதா சரித்திரமே கெடயாது. இல்லன்னா போன வாரம் ஏறுனாரே ஒரு மாப்பிள்ளை, ஒரு ஆளா அது? ரெண்டு ஆளும்மா! அவரு ஏறுனதும் மல்லிகா திரும்பி என்னைய ஒரு பார்வை பாத்தா பாரு...

எங்க வீட்டுக்காரரு மெத்தையத்தான் சந்தேகப்படுறாரு. மெத்தையவாம்! போட்ட மொத நாளே மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டாரு. "கை நொழையல பிரகதி. அவ என்ன அய்யனார் கோயில்ல நிக்கிற மண்ணு குதிரையா, எதப் போட்டாலும் கம்முன்னு நிக்க?" அப்பிடிங்கிறாரு. எப்பிடிக் கை நொழையும்? கம்பளிய உள்ள வச்சுத் தச்சா தடிச்சுக்கிட்டு, மயிலு கழுத்து மடங்கி கோழி மாரி ஆகுது. அதான் கம்பளிய உருவிட்டேன். இப்பச் சும்மா தகடு மாரி, ஸ்டைலா, ஒட்டிக்கிட்டு நிக்கும். அந்தக் கம்பளியா? எங்க நாய்க்குப் போட்டேன். அது அதுமேலயே குட்டி போட்டுருச்சு. எல்லாரும் சுகமாத்தான் இருக்காக.

...லைனிங்கா? ஓ, ஒனக்கும் தையல் தெரியுமா! அதானே பாத்தேன். ஆமா தங்கச்சி, ஜாக்கெட்டுன்னா ரெட்டை லைனிங்கு குடுப்பேன். ஆரி வொர்க்குல அடிப்பக்கம் பூரா முடிச்சும் நைலான் நரம்பு நூலுமால்ல இருக்கும். ஆரம்பத்துல ஒரு பொண்ணுக்கு லைனிங்கு இல்லாமக் குடுத்துட்டேன், தாலி கட்டுற வரைக்கும் மணவறையில நெளிஞ்சு நெளிஞ்சு உக்காந்துருக்கு. மாப்பிள்ளை வீட்டுல, பொண்ணுக்கு இஷ்டமில்லையோன்னு பேசிக்கிட்டாகளாம்! மறுநாளு வந்து, "அக்கா, முதுகெல்லாம் கீறிருச்சுக்கா"ன்னு காட்டுச்சு, அப்பிடியே அச்சு அச்சா... பூவு, கொடி எல்லாம் பதிஞ்சு போயிருந்துச்சு. அன்னையிலேர்ந்து லைனிங்கு இல்லாம ஒரு ஜாக்கெட்டும் குடுக்குறதில்ல.

...இதுக்கா? மெத்தைக்கா? குதிரைக்கு எதுக்கும்மா லைனிங்கு! அது வந்து கீறிருச்சுக்கான்னா சொல்லப் போகுது?

...

ஏன் அப்பிடிப் பாக்குற? மெத்தைய இங்கிட்டு எடுத்தாரல, வீட்டுல பொடவைக்குள்ள சுத்தி வச்சிருக்கேன். ஆஸ்பத்திரி மருந்து பட்டா மயிலு வெளுத்துரும்ல. நீ என்ன, போன எடுத்துட்ட? நம்ம பேச்சு அறுக்குதாக்கும்... இரு இரு, என் போனு அடிக்குது! புது நம்பரு! ஐயோ தங்கச்சி, புது நம்பரு! ஓன் வாய் முகூர்த்தம்தான்! ஆர்டரு! கீரனூரா இருக்கும்... இல்ல ஆலங்குடியா... சேலை ஒழுங்கா இருக்கா? சரி, போன்ல எங்க தெரியப் போகுது.

அலோ! வணக்கங்க, பிரகதி ஆரி ஒர்க்ஸ்! சொல்லுங்க! ...அலோ? ...என்ன, என் சத்தமே எனக்குத் திரும்பிக் கேக்குது. ...ஆடு கத்துதே. ஆடு வச்சிருக்கீங்களாங்க?

...இங்கயும் ஆடு கத்துது.

...ஏம்மா. காதுல போன வச்சுக்கிட்டு என்னையவே பாக்குறியே. நீயா? நீயா அடிச்ச? என் நம்பரு ஒனக்கு எப்பிடி... நான் சொல்லவே இல்லையே. யாரு குடுத்தா? ...என்ன, கைய அங்கிட்டு நீட்டுற? மல்லிகாவா? மல்லிகா எப்பிடிம்மா குடுப்பா...

வட்டம். வாலு.

...ஒம்போது.

மேல ஒரு வட்டம், கீழ ஒரு வட்டம்... எட்டு. அந்தச் சேவல் கழுத்து... ஏழும்மா அது. குறுக்குக் கோடு போட்ட ஏழு. நான்தான் ஏழு அப்பிடிப் போடுவேன். எங்க தெருவுல வேற யாரும் போடமாட்டாக.

அடிப் பாவி மகளே... ஒன்னையில்லம்மா, என்னையச் சொல்லிக்கிட்டேன். மல்லி... ஏ மல்லி... இந்தா, தொடல, தொடல. சிலுத்துக்கிறா பாரு. ரெண்டு ஆளு கனத்து மாப்பிள்ளைய என் நம்பரு மேல ஏத்தி உக்கார வச்சு, கீரனூரு பூரா, திருமயம் பூரா... அதுக்குத்தான் அந்தப் பார்வை பாத்தாளா? நான் அழகா இருக்கேனான்னு கேக்குறான்னு நெனச்சேனே! ஆமாடி, அழகா இருக்கடின்னு கன்னத்தக் கிள்ளுனேனே!

சிரிக்காத தங்கச்சி... சிரிச்சா எனக்கும் வருது. ஐயோ, வயிறு வலிக்குது... இரு. இருன்னா! அவருக்கு ஒரு போனப் போடணும். ...முடிவு பண்ணிட்டேன்மா. இன்னைக்குச் சேணமும் இல்ல, மயிலும் இல்ல. மாப்பிள்ளை வேணா பக்கத்துல கயித்தப் புடிச்சுக்கிட்டு நடந்து வரட்டும், காலு இருக்குல்ல. பொண்ணு வீட்டுல ஏசுனா நான் வாங்கிக்கிறேன். இவ வெறும் முதுகோட, காத்து பட, மாலைய மட்டும் போட்டுக்கிட்டு நடந்து வரட்டும்.

...ஏம்மா. வெறும் முதுகோட வந்தா... ட்யூப் லைட் வெளிச்சத்துல... மேல அந்தப் பறக்குறது படம் புடிச்சா... நம்பரு தெரியுமோ?

சும்மா கேட்டேம்மா! மொறைக்காத! ஒரு துண்டப் போட்டு மூடிர்றேன், போதுமா?

அந்தா, டாக்டரம்மா வண்டி வந்துருச்சு. நீ போ, நீ மொதல்ல போ, ஓன் ஆட்டுக்குத்தான் அவசரம். உள்ள போயி வேற ஒண்ணையும் பேசிறாத. குதிரைக்கு என்னன்னு கேட்டாகன்னா படர்தாமரைன்னே சொல்லிரு, நான் வந்து மெதுவா... ஏம்மா, கேக்குதா? போயிட்டியே! போனக் கட் பண்ணலயே நீ, ஓடிக்கிட்டே இருக்கு.

அலோ? ...அலோ, தங்கச்சி? ...ஆட்டப் பத்தி மட்டும் சொல்லும்மா, ஆட்டப் பத்தி... ஏழுன்னு ஏன் சொல்ற? அலோ? யாரு சிரிக்கிறது? டாக்டரம்மாவா?

...மல்லிகா. நீ சிரிக்காதடி.