எச்சில் தொட்டுத் துடைத்த கவசம்

பழைய அரக்குப் பூச்சைத் துடைப்பதற்கு மனித எச்சிலைப் போல நல்ல திரவம் கிடையாது. கேட்க அருவருப்பாக இருக்கலாம். தண்ணீர் அரக்கை மங்கச் செய்யும், மருந்துகள் உரித்துவிடும், எச்சில் அழுக்கை மட்டும் எடுக்கும். நான் வேலை செய்த ஏல நிறுவனத்தில் ஜப்பானியப் பிரிவின் தலைவர் எட்வேட். எந்தச் சாமுராய் கவசமானாலும் படம் எடுக்கும் முன் தானே விரலை நக்கி அதன் மேல் தேய்ப்பார். அதே விரலை மறுபடி நக்குவார். அடியில் தெரியும் பளபளப்பை வைத்தே வயது சொல்லிவிடுவார்.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதலாம், மொழிபெயர்க்கப் பொலிஸில் ஆள் இருக்கிறது என்றீர்கள். தவநாயகி அன்ரி பேசியதை அவர் பேசியபடியே எழுத வேண்டும் என்பதால் சரி என்றேன். வருகிற ஆள் ஒழுங்காக மொழிபெயர்த்தால் போதும்.

என் பெயர் ஜதுர்ஷிகா. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள். எட்டு வயதில் லண்டன் நோர்பரிக்கு வந்த நாளிலிருந்து அம்மாவுக்கும் அயலில் இருந்த அன்ரிமாருக்கும், கவுன்சிலிலும் ஆஸ்பத்திரியிலும், வாய் நான்தான். பதினாறு வருடம் மற்றவர்களுக்காகப் பேசியாயிற்று. என் வாயால் ஒன்றைச் சொல்லி, அதன் கீழே என் பெயரைப் போட வேண்டும் என்று விரும்பினேன். பெரிய ஆசை என்று எனக்குப் படவில்லை.

பெப்ரவரியில் ஒரு கவசம் வந்தது. மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், அதோடு இருந்தேன். தலைக்கவசம் மார்புக்கவசத்தைவிட நூறு வருடம் மூத்தது; யாரோ இரண்டு செட்டை ஒன்றாக்கியிருந்தார்கள். மார்பில் ஒரு துப்பாக்கிக் குண்டுப் பள்ளம். போர்க்காயம் என்றார் எட்வேட். லென்ஸ் வைத்துக் காட்டினேன். அரக்கு பள்ளத்துக்குள்ளும் வெடிப்பில்லாமல் ஓடியிருந்தது. செய்தவனே உறுதியைச் சோதிக்கச் சுட்டுப் பார்த்துவிட்டு, பிறகுதான் பூசியிருக்கிறான். மறுநாள் எட்வேட் அதே வார்த்தைகளைச் சொந்தக்காரரிடம் சொன்னார், என் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு.

தகடுகளைக் கோத்திருந்த பட்டுக் கயிறுகளின் இடுக்கில் வெள்ளைத் தூள் இருந்தது. சோதனைத் தாள் நிறம் மாறியது. ஆர்சனிக். பட்டைப் பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்துச் சேகரிப்பாளர் யாரோ தூவிய நஞ்சு. அறிக்கையின் முதல் வரியாகச் சிவப்பில் எழுதினேன்: நஞ்சு உண்டு, கையுறையும் மாஸ்க்கும் இல்லாமல் தொடக் கூடாது.

எட்வேட் முதல் பக்கத்தைத் திறக்கவேயில்லை. நேராக என் பெயர் இருந்த கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"ஜே, உதவியாளர்கள் பெயர் போடுவதில்லை. அதோடு உன் பெயருக்கே தனியாக ஒரு பக்கம் வேண்டும்," என்று சிரித்தார்.

பெயரை எடுத்துவிட்டு அனுப்பச் சொன்னார். எடுத்தேன். கூடவே அந்த முதல் வரியையும் எடுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. அவரை நக்கச் சொன்னது நானில்லை.

திங்கட்கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாய் நிறையப் பஞ்சோடு வந்தார். வெள்ளிக்கிழமை கவசத்தைப் படம் எடுக்க வேண்டும். குப்பைக்கூடை எடுக்க வந்த தவநாயகி அன்ரியை நிறுத்தி, பஞ்சுக் குச்சியை எச்சிலில் நனைத்துத் துடைக்கச் சொல்லிக்கொடுத்தார்.

அன்ரி எங்கள் தெரு. அந்தத் துப்புரவு வேலைக்கு அவரைச் சொல்லிவிட்டதே நான்தான். மேல்மாடியில் என்னோடு தமிழ் பேச வேண்டாம் என்றும் முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன். பிறர் வாய் வைத்த கோப்பையைத் தொடவே முகம் சுளிக்கிற மனுசி. எச்சிலால் துடைக்கவே மாட்டார் என்று நினைத்தேன். அதனால்தான் பேசாமல் இருந்தேன்.

செவ்வாய் மத்தியானம் படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, ஆக்களில்லை, இப்ப தமிழ் கதைக்கலாமோ? உந்த மனுசன் எச்சில் படுத்தச் சொல்லுறான். செத்தவன்ர உடுப்பு. எனக்கெண்டால் ஓங்காளிக்குது."

"அப்ப விடுங்கோவன் அன்ரி."

"விடுறதோ? எனக்கு நல்ல கையாம். இந்த வேலைக்கே எடுக்கப்போறானாம். இனி நீயும் நானும் ஒண்டடி, பெரிய ஆள் மாதிரித் திரியாத."

கையில் குச்சி இருந்தது. வாயில் வைத்து வைத்து அதன் நுனி சாம்பல் நிறமாகியிருந்தது.

"வாய்க்குள்ள ஒரே இரும்புக் கயர்," என்றார்.

"தண்ணி குடியுங்கோ," என்றேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வரி எங்கே போனது என்று கேட்பார்கள். வேலை போய்விட்டால் அம்மாவிடம் காட்ட என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அன்ரி நாலு நாளும் துடைத்தார். கவசம் மிக அழகாக வந்தது.

சனிக்கிழமை வாந்தி தொடங்கியது. கோயில் அன்னதானம் பழுது என்றார்கள்; நானும் அப்படியே சொன்னேன். மூன்றாம் கிழமை கால் விறைத்தது, பிறகு கை. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. அன்ரி என்னைக் கூப்பிடச் சொன்னார்.

றொசானா என்று ஒரு இளம் டொக்டர். வேலையிடத்தில் இரசாயனமோ பழைய பொருளோ, வழக்கமில்லாத எதையாவது தொட்டாரா என்று கேட்டார். ஒரு சொல் விடாமல் தமிழில் கேட்டேன்.

"ஓம், உந்தச் சாமுராயின்ர கவசத்த எச்சிலால துடைச்சனே. அதைச் சொல்லு பிள்ளை. டொக்டரும் ஒருக்காச் சிரிக்கட்டும்."

நான் டொக்டரிடம் திரும்பினேன்.

"ஒன்றும் இல்லையாம். எப்போதும் போலத் துப்புரவு வேலைதானாம்," என்றேன்.

டொக்டர் எழுதிக்கொண்டார்.

"என்னடி, சிரிக்கேல்லை. சொன்னனியே?"

"சொன்னனான், அன்ரி."

என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருப்பதே தனக்குத் தெரியவில்லை என்றார்.

பதினொரு நாளில் இறந்துபோனார். அதன் பிறகுதான் உங்கள் ஆய்வுகூடம் ஆர்சனிக்கைக் கண்டுபிடித்தது. எட்வேட்டுக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டது.

எட்வேட்டைக் கொல்லத்தான் அந்த வரியை எடுத்தேன். எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன், இந்த முறை என் முழுப்பெயரோடு. அன்ரியை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அவருக்கு நான் ஒரு தீங்கும் செய்யவில்லை. சின்ன வயதிலிருந்து செய்து வந்ததைத்தான் செய்தேன்: பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன்.