கடல் பக்க அறை

நேற்று விசாரணையில் நீங்கள் தந்த தேநீரில் சீனி கூடிவிட்டது. மற்றபடி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை எழுத்தில் கேட்டபடியால் எழுதுகிறேன். வாயால் சொன்னால் உங்களில் பாதிப் பேர் இடையில் தூங்கிவிடுவீர்கள்.

என் பெயர் நளீர். அட்டாளைச்சேனையில் பிறந்து, கல்முனையில் அபூசாலி மாமாவின் ஒரே மகள் முனவ்வறாவைக் கலியாணம் முடித்தவன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் பிறந்தால் தகப்பன் அத்திவாரம் வெட்டத் தொடங்குவான். கலியாணத்தோடு வீடும் வளவும் அவள் பெயரில் உறுதி எழுதப்படும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேர்வான். கடலைப் பார்த்த அந்த நாற்பது பேர்ச் வளவில் எனக்குச் சொந்தமாக இருந்தது சட்டை கொழுவும் ஆணி மட்டும்தான்.

மகள் ஸம்றாவுக்கு இரண்டு வயது நடக்கும்போது இங்கிலாந்துக்கு முதுமாணிப் படிப்புக்குப் போனேன். சொத்து அபிவிருத்தியும் முதலீடும். புறப்பட்ட அன்று மாமா கடைத்தெருவில் வைத்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"காணித் தரகுக்கும் லண்டன்ல படிப்பு இரிக்கா மருமகன்?"

தெருவே சிரித்தது. டாக்டர், இன்ஜினியர், தவறினால் மௌலவி. அதற்கு அப்பால் ஒரு படிப்பு உண்டென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பயந்தவனின் நிலம்தான் மலிவு என்பது முதல் தவணைப் பாடம். கூடப் படித்தவர்கள் கொழும்பிலும் துபாயிலும் அடுக்குமாடி கட்டும் கம்பனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். நான் ஊருக்கு வந்தேன், சுனாமிக் கடல் வந்து பதினாறாம் நாள்.

கடலில் இறந்த முனவ்வறாவை மாமா அடக்கம் செய்துவிட்டிருந்தார். ஸம்றாவைக் காணவில்லை. அவளுடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாமா முகாம் முகாமாக நடந்தார். நான் அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கரையோரத்தில் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. சனம் வளவுகளைக் கேட்ட விலைக்குக் கொடுத்தது. அந்தத் தடை நிலைக்காது என்று அறிய முதுமாணிப் பட்டம்கூடத் தேவையில்லை, ஆனால் உங்களுக்கு அதுவும் தெரியவில்லை.

இருபதாம் நாள் வயல் பக்கத்துச் சவளக்கடை ஊருக்குப் போனேன். மகளைத் தேடிப் போகவில்லை, இதில் நான் பொய் எழுதமாட்டேன். கரையிலிருந்து எழுப்பும் சனத்தை உள்ளே குடியேற்றினால் வயலோரக் காணி விலை ஏறும், அதைப் பார்க்கப் போனேன். அங்கே ஒரு பாடசாலையில் இருந்த முகாமில், செல்லத்தங்கம் என்ற தமிழ்ப் பெண்ணின் மடியில் ஸம்றா இருந்தாள். இடது புருவத்தை வெட்டிய தழும்பை முனவ்வறா அனுப்பிய படங்களில் பார்த்திருக்கிறேன். பிள்ளை என்னைப் பார்த்தது, வேற்று ஆளென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

செல்லத்தங்கம் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். தன் இரண்டு பிள்ளைகளையும் அதே கடலில் பறிகொடுத்தவள். என் தொப்பியைப் பார்த்துத்தான் கேட்டிருப்பாள்.

"இது உங்கட பக்கத்துப் பிள்ளை போல தம்பி. பேர் மட்டும்தான் சொல்லுது. இதுட ஆக்கள் ஆரும் இருக்காங்களா?"

கணக்குப் போட எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. முனவ்வறாவின் வளவு இனி ஸம்றாவுக்கு. பேத்தி உயிரோடு இருக்கும்வரை மாமா அதில் ஒரு பிடி மண்ணும் விடமாட்டார். பிறகு எவனோ ஒருவன் பெட்டியோடு வந்து என் ஆணியில் சட்டை கொழுவுவான்.

"ஒருத்தரும் இல்லக்கா. நீங்களே வெச்சிக்கங்க," என்றேன்.

அவள் அழுதாள், நன்றி சொன்னாள். பிள்ளையில்லாதவளுக்குப் பிள்ளையும் தாயில்லாததற்குத் தாயும் கிடைத்ததைச் சபை கவனத்தில் எடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த மையத்துப் படங்களில் ஸம்றாவைக் கண்டேன், கூட்டாக அடக்கிவிட்டார்கள் என்று மாமாவிடம் சொன்னேன். அன்றோடு தேடுவதை நிறுத்தினார். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து, மகளின் வளவில் தனக்கு வந்த பங்கையும் எனக்கு எழுதிக் கையெழுத்து வைத்தார். பொம்புளப்புள்ள இல்லாத வளவு எனக்கென்னத்துக்கு என்றார். அவர் அப்படித்தான் சொல்வாரென்று எனக்குத் தெரியும். வேறு ஊரில் என்றால் ஒரு கிழவன் கொஞ்சம் யோசித்திருப்பான்.

பக்கத்து வளவுகளையும் வாங்கினேன். சபையில் மூன்று பேரின் காணியும் அதில் அடக்கம், அன்று எனக்கு துஆவும் கேட்டீர்கள். தடை போனது. சண்டை முடிந்தது. மூன்று மாடி ஹோட்டல் எழும்பியது, திறப்பு விழாப் புரியாணியை நீங்கள் எல்லோரும் சாப்பிட்டீர்கள். மாமாவுக்கு வாசலில் கதிரை போட்டுக் காவலாளி வேலை கொடுத்தேன். சீருடையும் உண்டு.

போன வெள்ளிக்கிழமை செல்லத்தங்கம் பிள்ளையோடு வந்தாள். சோதனைச் சாவடிகள் எடுபட்டு, பயமில்லாமல் வரப் பாதை திறந்துவிட்டது. பாடசாலையில் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள், உறவென்று ஒருவராவது தெரிந்தால் போதும் என்று ஊரெல்லாம் விசாரித்திருக்கிறாள். ஸம்றா என்ற பெயரைக் கேட்டதும் யாரோ மாமாவிடம் அனுப்பியிருக்கிறார்கள். மாமா பிள்ளையின் புருவத்தை விரலால் தடவிப் பார்த்தார். சீருடையோடு மணலில் குந்திவிட்டார். அப்போதுதான் நான் வெளியே வந்தேன்.

"இந்தத் தம்பிதான் ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னவர்," என்றாள் செல்லத்தங்கம்.

ஓம், சொன்னேன். பெற்ற மகளை உயிரோடு கண்டு, மௌத்தென்று சொன்னது நான்தான். ஏன் என்று நேற்று நான்கு தரம் கேட்டீர்கள். இந்த ஊரில் ஒவ்வொரு தகப்பனும் மகளுக்கு வீடு கட்டுகிறான். நானும் கட்டியிருக்கிறேன், உங்களில் எவரும் கட்டாத அளவில்.

அன்றே ஸம்றாவுக்குக் கடல் பக்கம் ஒரு அறை திறந்துவிடச் சொன்னேன். சீசன் தொடங்கும்வரை வாடகை வேண்டாம் என்றும் சொன்னேன். அவள் உள்ளே வரவில்லை. ஒரு கையால் மாமாவை எழுப்பினாள், மறு கையால் செல்லத்தங்கத்தைப் பிடித்தாள்.

"அம்மா, வாங்க, ஊட்ட போவம்," என்றாள்.

மூன்று பேரும் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்கள். எந்த வீட்டைச் சொன்னாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வீடு இங்கேதானே இருக்கிறது.